செத்தவன் மூச்சு விடக் கூடாது

இது நடந்தது. சத்தியம் செய்து நம்ப வைக்கிற வேலை இங்கே கிடையாது. நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள், மூடிக்கிடக்கும் ஒரு சினிமா தியேட்டருக்குள் தனியாகப் போய், திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு பேசலாம்.

பேய்க் கதை என்றதும் நள்ளிரவு, நாய் ஊளை, அணைந்துபோன விளக்கு என்று எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் இல்லை. பட்டப்பகல். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எதிர்க் கடையில் ஒருவருக்கு முகச்சவரம் நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. உள்ளேதான்...

இருக்கட்டும். முதலில் தோட்டாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

தோட்டா என்பது பட்டப்பெயர். கல்லூரி விடுதியில் வைத்தார்கள். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் யார் எவர் என்று பார்க்காமல் சுட்டுவிடுவாள், அது ஒரு காரணம். போர்ப் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம், அது இன்னொன்று. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அந்த வீட்டிலிருந்து கிளம்பி வந்து வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கி, ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வாளராக இருந்தாள். ஒப்பந்தம் என்றால், வருடா வருடம் துறைத் தலைவர் மனசு வைத்தால்தான் அடுத்த வருடம் உட்கார நாற்காலி.

அவள் வேலை இதுதான். போர்க்காலத்துப் புகைப்படமோ படச்சுருளோ எங்காவது கிடைத்தால், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போக வேண்டும். அது நிஜமாக எடுத்ததா, ஆட்களை வைத்து நடித்து எடுத்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். போர் நடக்கும்போதே பொய்ப் படமும் எடுப்பார்கள். ஜெயித்ததாகக் காட்ட ஒன்று. கொன்றதாகக் காட்ட ஒன்று. கொல்லவே இல்லை என்று காட்ட இன்னொன்று.

"படம் பாக்குறதுக்கு ஒரு படிப்பாடி?" என்பாள் அம்மா. "டிக்கெட் எடுத்தா போதாதா?"

போதாது. சினிமாவில் கதாநாயகன் கொடியைப் பிடித்துக்கொண்டு வசனம் பேசுவான். தியேட்டரே மூக்கை உறிஞ்சும். தோட்டாவின் கண் மட்டும் பின்னால் கிடக்கும் பிணங்கள் மேல் இருக்கும். "அந்த மீசைக்காரன் வயித்தைப் பாரு, ஏறி இறங்குது." "இவன் மேல புழுதி விழுந்ததும் இமைக்கிறான் பாரு." அவளோடு படம் பார்க்கப் போவதையே தோழிகள் நிறுத்திவிட்டார்கள். அவள் அந்தக் கிறுக்குத்தனத்தையே ஆராய்ச்சியாக ஆக்கினாள். பழைய சுருளில் நிஜப் பிணத்தையும் நடிப்புப் பிணத்தையும் பிரிக்க, முகத்தைப் பார்க்காதே, ரத்தத்தைப் பார்க்காதே, வயிற்றைப் பார். செத்தவன் மூச்சு விடக் கூடாது. விட்டால் நாடகம்.

கட்டுரையில் துறைத் தலைவர் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார். வெளிநாட்டில் போய்க் கைதட்டு வாங்கியவரும் அவரே. அன்றிலிருந்து தோட்டாவுக்கு யார் சிரித்துப் பேசினாலும் சந்தேகம் வரும். தப்பு சொல்ல முடியாது.

ஒரு நாள் அவர் அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு சின்ன ஊர். மூடின தியேட்டர்ல ஒரு ரீல் கிடைச்சிருக்காம். போய்ப் பாத்துட்டு, நாடகம்னு எழுதிக் குடுத்துடு."

"பாக்குறதுக்கு முன்னாடியேவா சார்?"

"எல்லாம் அப்படித்தாம்மா இருக்கும். உன் ஒப்பந்தம் இந்த மாசம் என் மேஜைக்கு வருது. ஞாபகம் இருக்கில்ல?"

"என் மேஜைக்கு வராதுல்ல சார், அதனால நல்லாவே ஞாபகம் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை.

விஷயம் சின்னதல்ல. அந்த ஊரில் ஒரு செங்கல் சூளை இருந்தது. அறுபது வருடத்துக்கும் முந்தைய போரில், சூளையில் வேலை பார்த்த எட்டுப் பேரை ராணுவம் பிடித்தது. அவர்களைச் சுட்டு, செங்கல்லுக்கு மண் எடுத்த குழியிலேயே போட்டு மூடிவிட்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு. எட்டுப் பேரும் எல்லை தாண்டி ஓடிப்போனார்கள் என்பது அரசாங்கப் பதிவு. இப்போது அந்த நிலத்தில் ஒரு கம்பெனி கிடங்கு கட்டப் போகிறது. ரீல் நிஜம் என்றால் விசாரணைக் குழு தோண்டச் சொல்லும். நாடகம் என்றால் கான்கிரீட் கொட்டிவிடுவார்கள்.

குழுவுக்கு மனு போட்டவர் எழுபது வயதைத் தொடும் ஒரு தையற்காரப் பெண்மணி. ஊரில் எல்லோருக்கும் அவர் டெய்லரக்கா. எட்டுப் பேரில் ஒருவர் அவருடைய அப்பா. அந்த அப்பாவைப் பற்றி ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு. மற்ற ஏழு பேரையும் காட்டிக் கொடுத்துவிட்டு அவர் மட்டும் தப்பித்துவிட்டார் என்று. டெய்லரக்கா வாழ்நாள் முழுக்க அந்தப் பேச்சுக்கு நடுவிலேதான் தைத்துக்கொண்டிருந்தார்.

தோட்டா போய் இறங்கியபோது அவர்தான் தியேட்டர் வாசலில் நின்றார். கழுத்தில் அளவு நாடா. தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார்.

"உன்னைத்தான் அனுப்பினாங்களா? சின்னப் பொண்ணா இருக்க."

"பெரிய ஆளுங்க எல்லாம் மீட்டிங்ல இருக்காங்க."

"கோவக்காரியும் போல."

"ரீலைக் காட்டுங்கக்கா."

தியேட்டரை யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கிடங்காக மாற்றியிருந்தார்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கடுக்காக நின்றன. திரை மட்டும் கிழியாமல் தொங்கியது. மேலே மெஷின் அறையில் ஆபரேட்டர் காத்திருந்தார். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற மனிதர். தோட்டாவுக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

"ரீல் எங்க கிடைச்சது?"

"மாடிப்படிக்குக் கீழ, மேடம். பழைய டப்பாவுல."

"குழுவுக்கு எழுதிக் குடுத்ததுல சீலிங் மேலன்னு இருக்கே?"

சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "எங்கப்பாதான் அந்தக் காலத்துல இங்க ஆபரேட்டர். ராணுவக்காரன் ஒருத்தன் கழுவிக் கொண்டுவந்த ரீலை இங்கதான் போட்டுப் பாத்திருக்கான். அப்பா அதை எடுத்துத் தன் டப்பாவுல ஒளிச்சு வெச்சுட்டாரு. சீலிங் மேலன்னு எழுதினா யாரோ போட்டதுன்னு ஆயிடும். பெத்த அப்பாவைத் திருடன்னு எப்படி மேடம் எழுதிக் குடுக்குறது?"

நல்ல பதில். ரொம்ப நல்ல பதில். தயார் பண்ணி வைத்த பதில் மாதிரி இருந்தது.

சுருளை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஓரத்துத் துளைகளை அளந்தாள். அந்தக் காலத்துச் சுருள்தான், சந்தேகமில்லை. பழசை மெஷினில் ஓட்டக் கூடாது. ஆனால் ஆச்சரியமாக அது சுருங்கவும் இல்லை, உடையவும் இல்லை. ஒரே ஒரு தடவை ஓட்டலாம் என்று முடிவு செய்தாள். டெய்லரக்கா திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் பக்கமாக உட்கார்ந்தார்.

"ஓரத்துல கடைசியாக் கிடக்குறது எங்கப்பா," என்றார். "நான் ஒரு வாட்டி பாத்தாச்சு. போதும்."

"அப்போ உங்களுக்கு நாலு வயசு. முகம் எப்படித் தெரியும்?"

"உங்க வீட்ல இருக்கறவரு உங்கப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தோட்டா மேலே ஏறிப்போய் ஆபரேட்டருக்குக் கை காட்டினாள். மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

சத்தம் இல்லாத படம். கறுப்பு வெள்ளை. ஒரு நீளக் குழி. அதன் விளிம்பில் குத்தி நிற்கும் ஒரு மண்வெட்டி. கேமரா நகரவே இல்லை. குழிக்குள் எட்டுப் பேர் வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள். அவ்வளவுதான் படம். நாலைந்து நிமிடம் வெறுமனே அவர்கள் கிடப்பதுதான்.

தோட்டா வயிறுகளைப் பார்த்தாள். முதல் ஆள், அசைவில்லை. இரண்டாம் ஆள், இல்லை. மூன்று, நான்கு... ஏழு வரைக்கும் இல்லை.

எட்டாவது ஆளின் சட்டை மேலே எழும்பியது.

தாழ்ந்தது.

மறுபடி எழும்பியது.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. எரிச்சல். இவ்வளவு தூரம் பஸ்ஸில் முதுகு ஒடிய வந்தது இதற்குத்தானா. துறைத் தலைவர் சொன்னதே சரியாகிவிட்டதே என்று இன்னும் கொஞ்சம் எரிச்சல்.

"நாடகம்," என்றாள். "கடைசி ஆள் மூச்சு விடுறான்."

ஆபரேட்டர் அவளையே பார்த்தார். "மூச்சா? நான் எத்தனையோ வாட்டி பாத்துட்டேன் மேடம். அப்படி எதுவும் இல்லையே."

கீழேயிருந்து டெய்லரக்காவின் குரல் வந்தது. "மூச்சு விடுறாரா?"

அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை, ஆசை. தோட்டா அதைக் கேட்டிருக்கவே வேண்டாம் என்று நினைத்தாள். "நடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்க்கா," என்றாள்.

டெய்லரக்கா எழுந்து வெயிலுக்குள் போனார்.

வேலை முடிந்தது. கிளம்பியிருக்கலாம். ஆனால் ஆபரேட்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது முள்ளாகக் குத்தியது. ஒரே தடவை என்ற தன் விதியைத் தானே மீறினாள்.

"திரும்பப் போடுங்க."

இந்தத் தடவை மூச்சு வேகமாக இருந்தது.

தோட்டாவுக்குப் பழைய சுருள்கள் தெரியும். ஒரு சுருள் நேற்று எப்படி ஓடியதோ நாளைக்கும் அப்படித்தான் ஓடும். அதில் மாறுவதற்கு ஒன்றும் இல்லை. அப்படியென்றால் ரீலை மாற்றியிருக்கிறான். எப்போது? அவள் குனிந்து குறிப்பெழுதியபோதா? ஆபரேட்டரின் சிரிப்பைப் பார்த்தாள். இப்போது அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ரீலை டப்பாவோடு தூக்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இது என்கிட்டயே இருக்கட்டும்."

"எடுத்துக்கோங்க மேடம். எனக்கென்ன. நான் இன்டர்வெல் விடாம ஓட்டுன படம் இது ஒண்ணுதான்."

மறுநாள் காலையில் அந்த ஊர் விடுதி அறை ஜன்னலோரம் சுருளைப் பிரித்தாள். வெயிலுக்கு நேராகப் பிடித்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். எட்டாவது ஆள். சட்டையின் மடிப்பு. அடுத்த கட்டம். அதே மடிப்பு. அடுத்தது. அதே. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

அசைவே இல்லை. எட்டுப் பேரும் கல் மாதிரிக் கிடந்தார்கள்.

சுருளில் இல்லாதது திரையில் எப்படி வரும்?

அந்த நேரம் பார்த்து அம்மாவின் அழைப்பு.

"எங்கடி இருக்க?"

"வேலையிலம்மா."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்." சாப்பிடவில்லை. "அம்மா, நான் ஏமாளியா?"

"நீயா? பொறந்தப்ப உன்னைத் தூக்கின நர்ஸையே முறைச்சவ நீ. வைடி போனை, வேலையப் பாரு."

அது சரி. ஏமாற்றுகிறார்கள் என்றால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று கண்டுபிடிக்காமல் அவள் இந்த ஊரை விட்டுப் போவதாக இல்லை. சுருளில் அசைவு இல்லை, திரையில் இருக்கிறது. அப்படியென்றால் அசைவது படம் அல்ல. திரை. திரைத் துணிக்குப் பின்னால் எவனோ நின்று, அந்த ஒரு இடத்தை மட்டும் தள்ளித் தள்ளி இழுக்கிறான். எளிமையான வேலை. கேவலமான வேலை.

மத்தியானம் தியேட்டருக்குப் போனாள். ஆபரேட்டரை ரீல் மாட்டச் சொன்னாள். எந்தப் பொத்தானை அழுத்தினால் ஓடும், எதை அழுத்தினால் நிற்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"இப்போ நீங்க வெளிய போங்க."

"எங்க மேடம் போறது?"

"எதிர்ல சலூன் இருக்கு. தாடியை எடுத்துட்டு வாங்க. கேட்டை நான் உள்பக்கம் பூட்டிக்குவேன்."

அவர் தாடையைத் தடவிக்கொண்டே போனார். கேட்டைப் பூட்டினாள். அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவே டார்ச் அடித்துக்கொண்டு நடந்தாள். யாரும் இல்லை. மேலே ஏறினாள். மெஷின் அறையின் சின்ன ஜன்னல் வழியே பார்த்தாள். ஆபரேட்டர் சலூன் நாற்காலியில் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க நுரை.

நல்லது. இனி உள்ளே தோட்டா மட்டும்தான்.

பொத்தானை அழுத்தினாள்.

குழி. மண்வெட்டி. எட்டுப் பேர்.

ஏழு பேர் அசையவில்லை.

எட்டாவது ஆளின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. ஓடி வந்து நின்றவனுக்கு அடிப்பது மாதிரி. மண்வெட்டியைப் பார்த்தாள், அசைவில்லை. குழியின் விளிம்பைப் பார்த்தாள், அசைவில்லை. அந்த நெஞ்சு மட்டும்தான்.

பொத்தானை அணைத்தாள். வெளிச்சம் போனது. கடகட சத்தம் நின்றது.

ஒரு சத்தம் நிற்கவில்லை.

ஹ்ஹ்...

கொஞ்சம் இடைவெளி.

ஹ்ஹ்...

கீழேயிருந்து. திரைப் பக்கமிருந்து.

மாட்டினியா, என்று நினைத்துக்கொண்டாள் தோட்டா. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கினாள். டார்ச்சை இறுக்கிப் பிடித்திருந்தாள். அது கோபத்தில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திரைக்குப் பின்னால் போக ஓரத்தில் ஒரு சின்னக் கதவு. வெளிப்பக்கம் தாழ்ப்பாள். துருப்பிடித்துக் கிடந்தது. அதன் மேல் சிலந்தி வலை. வலை அறுபடாமல் முழுசாக இருந்தது.

அப்படியென்றால் உள்ளே யாரும் போகவில்லை.

ஹ்ஹ்...

செருப்பைக் கழற்றி அதன் குதிகாலால் தாழ்ப்பாளை அடித்தாள். மூன்றாவது அடியில் விலகியது.

உள்ளே ஒரு ஆள் நடக்கிற அகலம். ஒரு பக்கம் திரைத் துணி. மறுபக்கம் தியேட்டரின் பின்சுவர். கீழே சிமெண்ட் இல்லை, வெறும் மண் தரை. டார்ச் வெளிச்சத்தில் தரையைப் பார்த்தாள். புழுதி படிந்து வழவழவென்று கிடந்தது. ஒரு காலடித் தடம் கூட இல்லை.

வாசனை... நனைந்த சாம்பல் வாசனை. அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தால் வருமே, அது.

இரண்டு அடி வைத்தாள். இன்னும் இரண்டு.

திரை வெளிப்பக்கமாக உப்பியது.

உள்ளே ஒட்டியது.

உப்பியது.

காற்று. எங்கோ ஓட்டை இருக்கிறது. கையை நீட்டித் துணியைத் தொட்டாள்.

அவள் உள்ளங்கையைத் துணி தள்ளியது.

மெதுவாக. பலமாக.

ஒரு மனிதனின் நெஞ்சு தள்ளுவது மாதிரி.

கையை எடுத்துவிட்டாள். துணி அடங்கியது. சத்தமும் நின்றது.

பிறகு...

கணுக்காலில் பட்டது.

வெதுவெதுப்பாக. ஈரமாக.

கீழேயிருந்து.

ஹ்ஹ்.

டார்ச் விழுந்தது.

தோட்டா ஓடினாள்.

கேட்டின் பூட்டைத் திறக்கச் சாவி கைக்குள் நிற்கவில்லை. எப்படித் திறந்தாள், எப்படி ரோட்டைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. லாரி ஒன்று ஹாரன் அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. ஆபரேட்டர் அதே சலூன் நாற்காலியில் அதே நுரையோடு திரும்பிப் பார்த்தார்.

"என்ன மேடம், இன்டர்வெல்லா?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

நேராக டெய்லரக்காவின் கடைக்குப் போனாள். அவர் தையல் மெஷினில் ஏதோ பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப் பண்ணீங்க?"

"எதை?"

"நீங்களும் ஆபரேட்டரும் சேர்ந்துதானே? திரைக்குப் பின்னாடி என்ன வெச்சிருக்கீங்க? ஃபேனா? பம்ப்பா?"

மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார் டெய்லரக்கா. கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ படிச்சவதானே?"

"அதுக்கென்ன?"

"மூச்சு விட்டா நாடகம்னு நீதான் சொன்ன. நாடகம்னா தோண்ட மாட்டாங்க. எங்கப்பா ஓடிப்போனவர்தான்னு ஆயிடும். நானே என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்க நான் எதுக்கு ஃபேன் வைக்கப் போறேன்?"

முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு இது தோன்றவே இல்லை. ஏமாற்றுகிறவர் தனக்கு எதிராகவா ஏமாற்றுவார்?

அப்படியென்றால் கிடங்குக் கம்பெனியா? ஆபரேட்டருக்கு அவர்கள் ஏதாவது கொடுத்தார்களா? இல்லை, துறைத் தலைவரே யாரையாவது...? தாழ்ப்பாளில் இருந்த சிலந்தி வலை நினைவுக்கு வந்தது. புழுதி நினைவுக்கு வந்தது. சந்தேகப்பட இனி ஆள் மிச்சமில்லை.

"உக்காரு," என்றார் டெய்லரக்கா. "தண்ணி குடி. பேயறைஞ்ச மாதிரி இருக்க."

அவள் உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரை மறுபேச்சில்லாமல் குடித்தாள். அவளைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தைத்தான் நம்ப மாட்டேன் என்பார்கள்.

மறுநாள் துறைத் தலைவர் போன் செய்தார்.

"எழுதிட்டியா?"

"சுருள்ல அசைவு இல்ல சார். கட்டம் கட்டமாப் பாத்துட்டேன். நாடகம்னு சொல்ல ஆதாரமே இல்ல."

"ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அதுல?"

"சுருள்ல இருக்குறதைத்தான் சார் எழுத முடியும். தோண்டிப் பாக்கணும்னு எழுதுறேன்."

"யோசிச்சுக்கோ. அடுத்த மாசத்துக்கு அப்புறம் நீ இங்க யாரு?"

"முதல் பேர் என்னோடதா போட்டுக் கட்டுரை எழுதுற ஆளு சார்."

போன் வைக்கப்பட்டது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ரீலைக் குழு எடுத்துக்கொண்டு போய் ஒரு ஆய்வுக்கூடத்தில் பிரதி எடுத்தது. பிரதியைத் திரையில் ஓட்டியும் பார்த்தார்கள். எட்டுப் பேரில் யாரும் எந்த இடத்திலும் அசையவில்லை. அந்த மூச்சைத் தோட்டாவைத் தவிர யாரும், என்றைக்கும் பார்க்கவில்லை.

சூளை நிலத்தைத் தோண்டினார்கள். குழி கிடைத்தது. எலும்புகள் கிடைத்தன.

ஏழு பேர்.

ஊர் ஒரே நாளில் மாறியது. ஏழு வீட்டிலும் அழுகை. எட்டாவது வீட்டு ஜன்னல் மேல் கல். பார்த்தாயா, காட்டிக் கொடுத்தவன் ஓடிவிட்டான், அப்போதே சொன்னோமே என்றார்கள். டெய்லரக்கா கடையைச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்தார். ஆபரேட்டர்தான் தோட்டாவுக்குப் போன் செய்து சொன்னார். "அக்கா சாப்பிடவே இல்ல மேடம். நாளைக்குக் குழியை மூடுறாங்களாம்."

வேலை இல்லாதவள், சொந்தச் செலவில் மறுபடி பஸ் ஏறினாள். குழியின் ஓரத்தில் நின்ற அதிகாரியிடம் நேராகப் போனாள்.

"குழி இன்னும் நீளம் சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

கணுக்காலில் பட்ட மூச்சை வைத்து என்று சொல்ல முடியுமா? தோட்டா பிரதியெடுத்த படத்தை விரித்தாள். "எட்டுப் பேர் வரிசையாப் படுத்திருக்காங்க. கடைசி ஆளுக்கு அப்புறமும் குழி போகுது. நீங்க தோண்டினது ஏழாவது ஆளோட முடியுது. மிச்சக் குழி அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கு. சுவர் போருக்கு அப்புறம் பின்னால தள்ளிக் கட்டினது, பழைய ஆளுங்களைக் கேட்டுட்டேன்."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சூளை நிலத்தின் எல்லையில் நின்ற உயரமான சுவர். தியேட்டரின் பின்சுவர்.

திரைக்குப் பின்னால் இருந்த மண் தரையைத் தோண்ட இரண்டு ஆட்கள் போதுமாக இருந்தது. தோட்டா உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றாள். டெய்லரக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. சீக்கிரமே நின்றுவிட்டது.

எலும்புகளைப் பரிசோதித்த டாக்டர் அம்மா வெளியே வந்து, தோட்டாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"மத்த ஏழு பேருக்கும் தலையில குண்டு. இவருக்கு உடம்புல எங்கயுமே குண்டு பட்ட அடையாளம் இல்ல. மூச்சு வெளிய தெரியாத அளவுக்கு மயங்கிக் கிடந்திருப்பார். குழியை மூடினது மண்ணால இல்ல. சூளைச் சாம்பலும் உடைஞ்ச செங்கல்லும் கொட்டியிருக்காங்க. இடுக்குல காத்து இருந்திருக்கும்." சுருட்டிய கையுறையைப் பைக்குள் போட்டார். "கையால பறிச்ச சாம்பலைக் காலுக்குக் கீழ போட்டு மிதிச்சு மிதிச்சு மேல ஏறியிருக்கார். சீக்கிரம் முடியிற வேலை இல்ல அது."

தோட்டா திரும்பி வந்தாள்.

"எங்கப்பாதானே?" என்றார் டெய்லரக்கா.

"அவருதான்க்கா. ஓடலை."

அவர் கண்ணை மூடித் திறந்தார். அழவில்லை. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரா?"

"இல்லக்கா. உடனே போயிட்டாரு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"பொய் சொல்றியா?"

"எனக்குப் பொய் சொல்ல வராதுக்கா. யாரை வேணா கேளுங்க."

டெய்லரக்கா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சரி என்று தலையை ஆட்டினார்.

டாக்டர் அம்மா சொன்ன இன்னொன்றைத் தோட்டா அவரிடம் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இந்தக் கதையில்தான் முதல் முறையாக வெளியே வருகிறது.

ஏழு பேரும் படுத்திருந்தார்கள். எட்டாவது ஆள் நின்றுகொண்டிருந்தார். தலை அண்ணாந்திருந்தது. வலது கை தலைக்கு மேலே நேராக நீண்டிருந்தது. விரல்கள் விரிந்திருந்தன.

விரல் நுனிக்கு மேலே ஒரு சாண் மண்.

அதற்கு மேலே, அந்த மத்தியானம் தோட்டாவின் கால்கள்.